லூர்து வெட்டிய காவிரி

1. காலண்டர் வந்த அன்று

பைண்டிங்கிலிருந்து அந்த வருஷக் காலண்டரின் முதல் கட்டு மேலே வந்தபோது நான் ஆபீஸில்தான் இருந்தேன். ஒன்றை உருவிப் பிரித்துப் பார்த்தேன். என் படம்தான். ஆனால் பாதிக்கு மேல் காணோம்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரிண்டிங் கம்பெனியில் நான் போட்டோகிராஃபர். கல்யாணம், பிறந்தநாள் எல்லாம் எடுப்பதில்லை. லேண்ட்ஸ்கேப் மட்டும்தான். ஆறு, மலை, கோபுரம், வயல். கடைகளுக்குக் காலண்டர், ஹோட்டல் வரவேற்பறைக்கும் ஆஸ்பத்திரிச் சுவருக்கும் பெரிய படம், இதுதான் எங்கள் வேலை. நான் எடுத்து வருவதை மானிட்டரில் வைத்து அச்சுக்குத் தயார் செய்கிறவர் லூர்துசாமி. எல்லோருக்கும் லூர்து. பாலக்கரைப் பக்கம் வீடு. என் வயதுதான், நான் சேர்ந்த வருஷம்தான் அவரும் சேர்ந்தார்.

அந்தப் படத்துக்காக மலைக்கோட்டை மேல் இருட்டோடு ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தேன். கீழே ஊரின் மொட்டை மாடிகள், அதற்கு அப்பால் காவிரி, அதன் மேல் பாலம், அக்கரையில் தென்னந்தோப்புகள், நடுவில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், மேலே சிவந்த வானம். திருச்சியில் என்னவெல்லாம் உண்டோ எல்லாவற்றையும் ஒரே ஃப்ரேமுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

லூர்து மொட்டை மாடிகளை எடுத்துவிட்டார். பாலத்தையும் எடுத்துவிட்டார். வானத்தில் ஒரு கீற்றுதான் மிச்சம். அடியில் கொஞ்சம் தண்ணீர், அதன் மேல் கறுப்புக் கட்டிய தென்னைகள், வலது பக்கம் சற்று ஒதுங்கிக் கோபுரம். அவ்வளவுதான் படம்.

நேராக அவர் மேஜைக்குப் போனேன்.

"என்ன லூர்து, பாலத்தக் காணோம்?"

"பாலம் கண்ண அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போயிடுதுங்க மேடம். கோபுரத்துக்கு யாரும் வந்து சேரல."

"அந்த வானத்துக்காகத்தான் நான் ஏறினதே."

"வானம் நல்லாத்தான் இருந்துச்சு. அது வேற படம். ரெண்டு படத்த ஒண்ணா எடுத்திருந்தீங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார். குரலில் கிண்டலே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

கட்டுகள் கடைக்குப் போன மறுநாள் அந்தக் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்த ஜவுளிக்கடைக்காரர் வந்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி லூர்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா இதப் பாத்துட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாங்க தம்பி. நம்ம வீட்டு ஜன்னல்லேருந்து பாக்குற மாதிரி இருக்குன்னாங்க. எப்படித் தம்பி இது?"

"படம் எடுத்தது மேடம்தாங்க" என்று லூர்து என்னைக் காட்டினார்.

"அப்படிங்களா, நல்லதுங்கம்மா" என்றார் அவர். உடனே மறுபடியும் லூர்து பக்கம் திரும்பி, அடுத்த வருஷம் என்ன செய்யலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

படம் மோசமாக வந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நன்றாக வந்துவிட்டது. சண்டை போட எனக்கு எதுவுமே இல்லை.

ஒரு காலண்டரை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. படங்களைப் பற்றி அவர் எதுவும் சொல்ல மாட்டார். அன்று சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே நின்று பார்த்தார். "இந்த வருஷம் ரொம்ப நல்லா இருக்கே சுகந்தி, என்ன புதுசா பண்ணின?" என்றார்.

அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிவிட்டது.

2. மேஜைக்குப் பின்னால் நின்றது

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு லூர்துவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பேன். கற்றுக்கொள்ள இல்லை. எங்கே தப்பு செய்கிறார் என்று பார்க்க.

அவரிடம் கறுப்பு அட்டையில் 'ட' வடிவத்தில் வெட்டிய இரண்டு துண்டுகள் உண்டு. டெஸ்ட் பிரிண்ட் எடுத்ததும் அதன் மேல் அந்த இரண்டையும் வைத்து ஒரு ஜன்னல் மாதிரி செய்து, மெதுவாக நகர்த்துவார். சின்னதாக்குவார், பெரிதாக்குவார். அகலத்தை உயரமாக்குவார். பிறகுதான் மானிட்டருக்குப் போய் ஓரங்களை வெட்டி க்ராப் செய்வார். நடுவில் என்ன இருக்கிறது என்று அவர் முதலில் பார்ப்பதில்லை. நான்கு மூலைகளையும்தான் பார்ப்பார். மூலையில் வெளிச்சமாக ஒரு சுண்ணாம்புச் சுவரோ ஒரு பிளாஸ்டிக் பையோ இருந்தால் கண் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அதை முதலில் கழிப்பார். ஆறும் வானமும் சரிபாதியாக நின்றால் எது வேண்டும் என்று முடிவு செய்து மற்றதைக் குறைப்பார். ஒரு படத்தில் இரண்டு பேர் கதாநாயகனாக நிற்க முயன்றால் ஒருவரை அனுப்பிவிடுவார்.

தப்பைத் தேடி நின்றதால் இதெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. அபிமானத்தோடு பார்த்திருந்தால் 'அடடா' என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். பொறாமை இருந்ததால் ஓரம் ஓரமாகப் பார்த்தேன்.

ஒரு முறை மாட்டினார். கல்லணைப் பக்கம் நான் எடுத்த படம், ஒரு கொக்கு தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தது. க்ராப் செய்ததில் கொக்கின் அலகு ஃப்ரேமின் ஓரத்தை முட்டிக்கொண்டு நின்றது.

"லூர்து, அது எங்க போகும்? முன்னாடி இடமே இல்லையே" என்றேன். என் குரலில் சந்தோஷம் வழிந்தது எனக்கே கேட்டது.

அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "ஆமாங்க மேடம், மூச்சு முட்டுது" என்று சொல்லி, பறவைக்கு முன்னால் இடம் விட்டுப் பின்னால் வெட்டினார். படம் உயிர் பெற்றது. "நல்லவேளை சொன்னீங்க" என்றார். என் சந்தோஷம் அதோடு போயிற்று.

3. இடம் வைக்காமல் எடுத்தது

பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் வெட்டுவதற்கு இடம் இருப்பதால்தானே வெட்டுகிறார்? இனி இடமே வைக்கக் கூடாது. என் படத்தில் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்பதை ஆற்றங்கரையிலேயே நான் முடிவு செய்வேன். மானிட்டருக்கு வந்து சேரும்போது கதை முடிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அள்ளுகிற வைட் லென்ஸைப் பையின் அடியில் போட்டேன். தூரத்தில் ஒன்றை மட்டும் கிட்டே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸை மாட்டினேன். முக்கொம்பு அணையில் பனி விழுந்த ஒரு காலையில் மதகுகள் எல்லாவற்றையும் எடுக்காமல், ஒரே ஒரு மதகையும் அதிலிருந்து விழும் தண்ணீரையும் மட்டும் எடுத்தேன். மூலைகளை நானே சரிபார்த்தேன். ஒரு கம்பி உள்ளே எட்டிப் பார்த்தது. ட்ரைபாடைத் தூக்கி இரண்டடி தள்ளி வைத்தேன்.

லூர்து அந்த ஃபைலைத் திறந்து பார்த்தார். அட்டைகளைக் கையில் எடுத்தார். அப்படியே மேஜையில் வைத்துவிட்டார்.

"கை வைக்க இடமே இல்லீங்க மேடம்."

அன்று பொன்மலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவே இல்லை.

அதன் பிறகு எல்லாப் படங்களையும் அப்படித்தான் எடுத்தேன். வேலை நன்றாகத்தான் ஆனது, பொய் சொல்லக் கூடாது. முன்பெல்லாம் ஒரு இடத்துக்குப் போனால் அங்கே இருப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு வருவேன். இப்போது இங்கே எதைப் பார்க்க நின்றேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எங்கள் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு நாள், "சுகந்திம்மா படம் இப்ப நேரா மிஷினுக்கே போயிடுது மாஷா அல்லா, லூர்துக்கு வேலையே இல்ல" என்றார். லூர்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை, உள்ளுக்குள் குதித்தேன்.

4. ஆஸ்பத்திரிச் சுவர்

தில்லைநகர்ப் பக்கம் ஒரு புது ஆஸ்பத்திரி கட்டி முடித்திருந்தார்கள். நோயாளிகளோடு வருகிறவர்கள் காத்திருக்கும் கூடத்தில் நீளமான ஒரு சுவர். அதற்கு மேட்டூர்த் தண்ணீர் வந்து காவிரி நிரம்பி ஓடுகிற படம் வேண்டும் என்று அங்கிருந்த பெரிய டாக்டரம்மா கேட்டிருந்தார். பாய்க்கு அது முக்கியமான ஆர்டர். அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மாடிக்கும் படம் வேண்டியிருந்தது, இது சரியாக அமைந்தால் மற்றதும் எங்களுக்கு வரும்.

தண்ணீர் வந்தது. அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய் நின்றேன். படிகள் முழுகி, ஆறு பழுப்பாகச் சுழித்துக்கொண்டு போனது. ஓரத்தில் ஒரு சின்னக் கல்மண்டபத்தின் கூரையும் தூண்களின் மேல்பாதியும் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தத் தூண்களில் தண்ணீர் மோதிப் பிரிகிற இடத்தை டெலி லென்ஸில் இறுக்கமாக எடுத்தேன். என் வேலையிலேயே அதுதான் சிறந்தது என்று நினைத்தேன்.

டாக்டரம்மா ஆபீஸுக்கே வந்து பார்த்தார். பிடித்துவிட்டது. பிறகு சுவரின் வரைபடத்தை மேஜையில் விரித்தார். உயரத்தைப் போல நாலு மடங்கு நீளம். என் படமோ ஏறக்குறைய சதுரம். தூண்கள் இரண்டு ஓரத்தையும் தொட்டுக்கொண்டு நின்றன. நீளத்துக்கு வெட்டினால் கூரை போகும், இல்லையென்றால் தண்ணீர் போகும். விரிக்க ஒரு விரல் இடம் இல்லை.

"சாஃப்ட்வேர்ல ரெண்டு பக்கமும் தண்ணியப் போட்டுக்கலாமே, இப்பதான் எல்லாம் வந்துடுச்சே" என்றார் டாக்டரம்மா.

லூர்து மெதுவாகச் சொன்னார். "போடலாம் டாக்டர். ஆனா அங்க வந்து உக்காரப் போறவங்க தெனமும் காவிரியப் பாக்குறவங்க. மணிக்கணக்கா அந்தச் சுவரத்தான் பாத்துட்டு இருப்பாங்க. கண்டுபிடிச்சுடுவாங்க."

டாக்டரம்மா யோசித்தார். "அப்ப வேற படம் இருந்தா சாயந்தரத்துக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா சென்னையில ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு" என்று எழுந்தார்.

ஆற்றில் அதற்குள் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். மறுபடி எடுக்க வழி இல்லை. பாய் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லூர்து என்னிடம் வந்தார். "அன்னைக்கு வைட்ல எதுவும் எடுக்கலீங்களா? வேண்டாம்னு ஒதுக்கினது எதாவது?"

ஒன்று இருந்தது. போனவுடன் ஆறு முழுவதும் வெளிச்சம் எப்படி என்று பார்ப்பதற்காக வைட் லென்ஸை மாட்டி ஒரு படம் எடுத்துவிட்டு, பிறகுதான் லென்ஸை மாற்றினேன். பாதிக்கு மேல் வெறும் வெள்ளை வானம். அடியில் ஒரு இரும்புத் தடுப்பும் போலீஸ் போர்டும். குப்பை என்று ஒதுக்கியது.

அதை அவரிடம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. கொடுத்தால் அதற்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்துவிடுவார், அது எனக்குத் தெரியும். டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார், என்னைப் பார்த்து 'நல்லதுங்க' என்பார். ஆர்டர் சென்னைக்குப் போனால்கூடப் பரவாயில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பாயின் முகத்தைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு நிற்கவில்லை.

"இருக்கு லூர்து. ஆனா நான் வெட்டறேன்" என்றேன்.

அவர் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.

டெஸ்ட் பிரிண்ட் போட்டு, அவருடைய கறுப்பு அட்டைகளை வைத்தேன். வானம் முழுவதையும் எடுத்தேன். தடுப்பையும் போர்டையும் எடுத்தேன். நடுவில் நீளமாக ஒரு பட்டை நின்றது. வலது ஓரத்தில் மண்டபக் கூரை, சின்னதாக. அங்கிருந்து பழுப்புத் தண்ணீர் நீள நெடுக ஓடியது. இடது ஓரத்தில், முழுகாமல் மிஞ்சிய மேல்படியில், ஒரு அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றாள். எடுக்கும்போது நான் அவளைப் பார்க்கவே இல்லை. இப்போது படமே அவள்தான். தண்ணீர் இறங்கட்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தாள். காத்திருக்கிறவர்கள் உட்காரப்போகும் கூடத்துக்கு அவளைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

ட்ரைபாடில் வைத்து எடுத்த ஃபைல் என்பதால் பெரிதாக்கியும் புள்ளி புள்ளியாக உடையவில்லை. டாக்டரம்மா சாயந்தரம் வந்தார். சுவரின் நீளத்துக்கு மானிட்டரில் வைத்துக் காட்டினோம். அவர் கிட்டே குனிந்தார். அந்தப் பெண் நின்ற இடத்தை விரலால் தொட்டார்.

"இது யாரு பண்ணினது?"

"மேடம்தான், எடுத்ததும் அவங்க, வெட்டினதும் அவங்க" என்றார் பாய், முகமெல்லாம் பல்லாக.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் லூர்துவைப் பார்த்தேன். அவர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடது பக்கம் இன்னும் கொஞ்சம் தாராளமா விட்டிருக்கலாம்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று எங்களோடு டீ குடிக்கவும் வரவில்லை.

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். காலண்டர் வந்த நாளிலிருந்து நான் வைத்துக்கொண்டு திரிந்த முகம் அது.

5. கொள்ளிடம்

சில நாள் லூர்து தேவைக்கு மட்டும் பேசினார். ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நான் இந்த ரூம்லயே உக்காந்திருக்கேங்க. ஜன்னல்கூடக் கிடையாது. வெயிலு மானிட்டர்ல விழக்கூடாதுன்னு அடைச்சுட்டாங்க. நீங்க பனி, வெள்ளம், கோபுரம்னு பாத்துட்டு வர்றீங்க. நீங்க பாத்ததுல மிச்சத்த நான் வெட்டறேன். அது ஒண்ணுதான் என் கையில இருந்துச்சு. இப்ப அதையும் நீங்களே பண்ணிட்டீங்க."

இத்தனை நாளும் எரிச்சல் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வாங்க லூர்து. கொள்ளிடத்துக்குப் போவோம். என் இன்னொரு கேமராவ நீங்க எடுத்துக்குங்க" என்றேன்.

வந்தார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடே வந்தார். திருவானைக்காவல் தாண்டிக் கொள்ளிடத்து மணலில் இறங்கினோம். வெள்ளமெல்லாம் வடிந்து, மணலுக்கு நடுவே ஒரு ஓடைதான் ஓடியது. சலவைக்காரர்கள் துவைத்த சேலைகளை மணலில் வரிசையாகக் காயப் போட்டிருந்தார்கள். லூர்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு எடுக்க ஆரம்பித்தார். வைட் லென்ஸில், பாலம், பஸ், மேகம், மணல், நாய், சேலைகள், ஓடை, தூரத்துக் கோபுரம், எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள்.

ஆபீஸில் அந்த ஃபைல்களைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மலைக்கோட்டை மேல் நான் செய்ததையே அவரும் செய்திருந்தார். ஒரு இடத்தில் போய் நின்றவனுக்கு எதையும் விட்டுவர மனசு வராது. வெயில், காற்று, வந்த அலுப்பு எல்லாம் அந்தப் படத்துக்குள் இருப்பதாகத் தோன்றும். மேஜையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தப் பாசம் கிடையாது. அதனால்தான் அவனால் வெட்ட முடிகிறது.

"நீங்க வெட்டுங்க" என்றார் லூர்து. "எனக்குக் கை வரல."

பாலத்தையும் வானத்தையும் எடுத்தேன். கோபுரத்தை எடுக்கும்போது அவர் நாற்காலியில் நெளிந்தார். கடைசியில் வெறும் மணல், அதில் ஒரே ஒரு சிவப்புச் சேலை, அதைச் சுற்றிக்கொண்டு போகும் ஓடை.

ரொம்ப நேரம் பார்த்தார். "இது என் படமே இல்லையே" என்றார்.

"உங்க படம்தாங்க. நாளைக்குத் தெரியும்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எடுத்த அன்றே வெட்டாதீர்கள். அங்கே நின்ற அலுப்பு ஆறட்டும். மூலைகளை முதலில் பாருங்கள். எதைப் பார்க்க வைக்கிறோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் அதற்குள் இரண்டு படம் இருக்கிறது, ஒன்றை அனுப்புங்கள். எடுக்கும்போது யோசித்து எடுங்கள், ஆனால் ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். சுவர் எந்த அளவில் வரும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து மேஜைக்காரர் மேல் பொறாமை வந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று நன்றாகப் பாருங்கள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அந்தச் சிவப்புச் சேலைப் படத்தை ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடிக்கு எடுத்துக்கொண்டார்கள். அடியில் லூர்துவின் பெயர். கொள்ளிடத்து மணலில் நான் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். காய்கிற துணி ஃப்ரேமில் விழுந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் கேமராவை வேறு பக்கம் திருப்பியிருக்கிறேன். முதல் நாள் வந்தவர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வெட்டினது நான்தான். ஆனாலும் அங்கே நான் பார்க்கவில்லை, அவர் பார்த்தார்.

அடுத்த வாரம் தனியாகவே அங்கே போனேன். ஓடையோரம் ஒரு அம்மா பச்சைச் சேலையை உதறி விரித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, துணியவா எடுக்கப் போற?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நீங்க பாட்டுக்குப் போடுங்க."

எடுத்து வந்ததை மறுநாள் காலையில் லூர்துவிடம்தான் கொடுத்தேன். நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுத்திருந்தேன்.